மலைப்பூண்டுக்கு உள்ள மரியாதை

அலிகரில் வார்த்த பூட்டின் மேல் ‘திண்டுக்கல் பூட்டு’ என்று முத்திரை குத்தி விற்றால் 6 மாதத்துக்குக் குறையாத சிறை. 3 ஆண்டு வரையிலும் போகலாம். கூடவே 50,000 ரூபாயில் தொடங்கி 2 லட்சம் வரை அபராதம். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு அந்தக் குறியீடு 2019-ல் கிடைத்தது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. தலப்பாக்கட்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று பிரியாணிக் கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடியிருக்கிறார்கள். ஆக, திண்டுக்கல் மாவட்டத்தில் பூட்டு, பூண்டு, வாழை, பஞ்சாமிர்தம், பிரியாணி எல்லாமே சட்டத்தின் நிழலில் சௌக்கியமாக இருக்கின்றன. வெயிலில் நிற்பவன் மனிதன் ஒருவன்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கொடைக்கானல் பூண்டின் ஒரு பல்லை வெளிநாட்டு ஆய்வகம் ஆராய்ச்சிக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால், சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். அதில் லாபம் பார்த்தால் மண்ணின் மக்களுக்குப் பங்கு தர வேண்டும். செடி, கொடி, விலங்கு, கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர் வரை இந்தக் காவல் உண்டு. ஆனால் உயிரியல் வளம் என்றால் என்ன என்று விளக்கும் 2-ஆம் பிரிவின் கடைசியில் ஒரு வால் ஒட்டியிருக்கிறது: மனித மரபணுப் பொருள் இதில் சேராது. பூண்டைப் பயிரிட்டவரின் ரத்தம் அந்த வாலில்தான் தொங்குகிறது.

மனிதனைச் சரக்காகக் கருதக் கூடாது என்ற உயர்ந்த எண்ணம் அது என்று வக்கீல்கள் விளக்குவார்கள். நல்ல எண்ணம்தான். அவனுக்கென்று தனிச் சட்டம் ஒன்று போட்டுக் காப்பாற்றியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அது நடக்கவில்லை. நடந்தது வேறு. மனித ரத்தத்தையும் திசுவையும் ஆய்வக வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப அதுவரை இருந்த முன் அனுமதியை 2016 ஆகஸ்டில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிக்கை போட்டு நீக்கியது. அனுப்புகிறவர் உறுதிமொழி எழுதி வைத்துக்கொண்டால் போதும். பூண்டுக்கு ஆணையம், ரத்தத்துக்கு உறுதிமொழி.

எனவே திண்டுக்கல் ரத்தத்துக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பிப்பது என்று முடிவுசெய்தேன். பொருளின் தனித்தன்மை என்ற இடத்தில் எழுத விஷயத்துக்குக் குறைவில்லை. தோல் ஆலைக் கழிவு இறங்கிய கிணறுகளின் தண்ணீரைக் குடித்துப் பல ஆண்டு தாக்குப்பிடித்த ரத்தம் இது. வரலாற்று ஆதாரம் கேட்டால் விருப்பாச்சி கோபால் நாயக்கர் காலத்திலிருந்து சிந்திய கணக்குக் காட்டலாம். சிக்கல் வந்தது விண்ணப்பதாரர் யார் என்ற இடத்தில்தான். உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டுமாம். இங்கே சங்கங்களுக்கா பஞ்சம்? ஆனால் எல்லோருக்கும் ஒரே ரத்தம் என்று எழுதினால் ஒரு சங்கத் தலைவரும் கையெழுத்துப் போட மாட்டார். தனித்தனி ரத்தம் என்று எழுதினால் முதல் கையெழுத்து யாருடையது என்று மணிக்கூண்டுக்குக் கீழே மண்டை உடையும், அப்போது நிறைய மாதிரி தரையிலேயே கிடைக்கும்.

சரி, சங்கம் வேண்டாம், தனி ஆளாகவே அனுப்பலாம் என்றால் எங்கே அனுப்புவது? கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் மனிதன் பண்டம் அல்ல என்று திருப்பிவிடும். தரமணி ஆணையம் 2-ஆம் பிரிவைக் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் அருமையான நெறிமுறைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. ஒப்புதல் எப்படி வாங்க வேண்டும், மாதிரியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. மீறினால் சிறை என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. போலிப் பூட்டு விற்றவனுக்கு உள்ள 6 மாதம் இங்கே கிடையாது. சட்டப்படி, அலட்டாமல், கேள்வி கேட்காமல், ரத்தத்தை வாங்கிப் பதிந்து 75 ஆண்டு பாதுகாக்க ஓர் அமைப்பு முன்வருகிறது: டெல்லியில் இருக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் நாம் கைதாக வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளப்படுத்தும் சட்டம் தந்த வசதி இது. கைரேகை, கண்ணின் கருவிழி, கையெழுத்து, உயிரியல் மாதிரி என்று உடம்பில் அளக்க முடிந்ததையெல்லாம் அளக்கலாம். தடுத்தால் அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்த குற்றம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றமாக இல்லாமல், 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்காகவும் இருந்தால், கைதானவர் ரத்தம் தர மறுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் மணல் வண்டி ஓட்டிப் பிடிபட்ட பையனுக்கு அந்த விதிவிலக்கை ஸ்டேஷனில் எந்த ஏட்டய்யா வாசித்துக் காட்டுவார் என்று சொல்லுங்கள், அவருக்கு மாலை போட நானே வருகிறேன். விடுதலையானால் பதிவை அழிப்பார்களாம், மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு. மேல்முறையீடு முடிவதற்குள் பையனுக்கே பேரன் பிறந்திருப்பான்.

இந்தச் சட்டம் எதை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தது தெரியுமா? 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தை. 1920 என்றால் எங்கள் பக்கத்தில் சிலருக்கு இன்னும் வயிறு எரியும். அன்றைக்குத் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான், பிரிந்தது 1985-ல். குற்றப் பழங்குடிகள் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர்மேல் போட்டு, ஊர் ஊராக ஆண்களைக் கூப்பிட்டு ரேகை உருட்டினார்கள். குற்றம் செய்தவனிடம் எடுத்தால் அது விசாரணை. பிறந்த காரணத்துக்காக ஒரு சாதி முழுவதிடமும் எடுத்தார்கள், அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு. ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். விரலைத் தர மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி வெடித்தது, 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். குற்றப் பழங்குடிகள் சட்டம் 1947-ல் போனது. சீர்திருத்துகிறோம் என்று வெள்ளைக்காரன் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. சட்டம் போன பிறகும் பெயர்ப்பலகை போகவில்லை.

குற்றம் ரத்தத்தில் ஓடுகிறது என்று நம்பிய துரைமார்களிடம் மட்டும் அன்றைக்கு ஒரு டிஎன்ஏ இயந்திரம் இருந்திருந்தால்! ரேகை மையை அழித்துவிட்டு ஊசியோடு வந்திருப்பார்கள். நல்லவேளை, அறிவியல் தாமதமாக வந்தது. அறிவியல் வந்ததும் நம் கையிலும் அது அப்படித்தான் வேலை செய்கிறது என்று காட்டப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். பட்டியல் சாதி மக்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய்த்தான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அவர்கள் டிஎன்ஏ என்றார்கள். நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆகா, சாதி பார்க்காத சாட்சி, பொய் சொல்லாத சாட்சி! அந்தச் சாட்சி முதலில் யார் கையைப் பிடித்தது? தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்களின் கையை. முதல் பட்டியலில் பெரும்பாலோர் அந்தக் குடியிருப்பின் ஆட்கள். பாதிக்கப்பட்ட எங்களிடமே ரத்தமா என்று சிலர் மறுத்தார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்டது, கொடுத்தார்கள். சிறுவர்களிடமும் எடுத்தார்கள். பிற ஊர்க்காரர்களையும் சேர்த்து 30-க்கும் மேற்பட்டோரின் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. எதுவும் பொருந்தவில்லை.

தண்ணீரில் கரைந்து கிடந்த மலத்திலிருந்து முழுதான மரபணுத் தடயம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எந்தத் தடயவியல் மாணவனும் சொல்வான். அதைச் சொல்லிவிட்டா எடுத்தார்கள்? ‘உன் மாதிரியால் ஒன்றும் நிரூபணமாகாமலும் போகலாம், ஆனால் ஊர் உன்னைச் சந்தேகக் கண்ணால் பார்க்கும், உன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேச்சுக் கேட்கும், சம்மதமா?’ என்று யாராவது கேட்டார்களா? 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதற்கு டிஎன்ஏ தேவைப்படவே இல்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, யார் குற்றவாளி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பொருந்தாமல் போன அந்த ரத்தமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? சிறுவர்களுடையது உட்பட? கொட்டிவிட்டார்களா, பதிந்து வைத்திருக்கிறார்களா, அடுத்த வழக்குக்கு ஆகும் என்று எடுத்துவைத்திருக்கிறார்களா?

கட்டாயப்படுத்தி எடுத்த ரத்தத்தின் கதை இது. ஆசையாகக் கொடுத்த ரத்தத்தின் கதை இன்னும் வேடிக்கை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் எங்கள் வட்டாரத்து மக்களின் மரபணுவைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஸ்பென்சர் வெல்ஸ், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் எம்-130 என்ற மரபுக்குறி இருப்பதை வைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதர்களின் தடம் இது என்று 2002-ல் புத்தகமும் எழுதினார், படமும் எடுத்தார். நல்ல அறிவியல். நிறம், சாதி, நாடு என்று பீற்றிக்கொள்கிற அத்தனை பேரும் ஒரே ஆப்பிரிக்க வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்று சொல்கிற அறிவியல். நம் ஆட்கள் அதைக் கையில் வாங்கினார்கள், ஒருமுறை திருப்பினார்கள், ஃபிளக்ஸ் போர்டு ஆக்கிவிட்டார்கள். ‘உலகின் முதல் மனிதன் எங்கள் ஆளே!’

எந்தச் சாதி என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்ற சாதிகள் தப்பித்துக்கொள்ளும். ஆளுக்கொரு குரோமோசோமைத் தூக்கிக்கொண்டு அலையாத சங்கம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஒருவர் சிந்துவெளியிலிருந்து நேரே வந்தேன் என்கிறார், இன்னொருவர் கீழடி எலும்பெல்லாம் எங்கள் தாத்தா என்கிறார். ஒய் குரோமோசோம் பங்காளி வழியில் மட்டும் இறங்குவது. அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஒற்றை நூல். அம்மா, அப்பாவைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று நம்மை ஆக்கிய ஆயிரக்கணக்கான மனுசிகளும் மனுசர்களும் அந்தக் குறியில் இல்லவே இல்லை. சரி, பங்காளிதான் முக்கியம் என்று பிடிவாதம் பிடித்தால், முழுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். எம்-130 குறியின் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இருக்கின்றன, பசிபிக் தீவுகளில் இருக்கின்றன, மங்கோலியாவில் குவிந்து கிடக்கின்றன. செங்கிஸ்கானின் வாரிசுகளாக இருக்கலாம் என்று 2003-ல் ஆய்வாளர்கள் ஊகித்த வம்சாவளியும் அதே பெருங்கிளையின் ஒரு கொப்புதான். அடுத்த குலதெய்வக் கும்பிடுக்கு உலான்பாத்தருக்கும் ஒரு பத்திரிகை வையுங்கள், கெடா வெட்டில் பங்காளிக்குப் பங்கு உண்டல்லவா?

சிரிப்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கிராமத்து இளைஞர் தன் சம்மதத்தைத் தந்தார். அவர் முகம் உலகம் சுற்றியது. ஆனால் ஒருவரின் மரபணு அவருடையது மட்டுமா? அண்ணன், தம்பி, சித்தப்பன் மகன், இன்னும் பிறக்காத பேரன் என்று எத்தனை பேரின் விவரம் அந்த ஒரு குப்பியில் இருக்கிறது! ஒருவர் நீட்டிய கைக்குப் பின்னால் வகையறாவே வரிசையில் நிற்கிறது. அவர்களை யார் கேட்டது? கேட்கத்தான் வேண்டுமா? இது உண்மையிலேயே கடினமான கேள்வி, எனக்கும் முடிந்த விடை கிடையாது. ஆனால் கேள்வியையாவது கேட்ட இடங்கள் உண்டு. வெல்ஸ் தலைமையில் நேஷனல் ஜியோகிராஃபிக் 2005-ல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பூர்வகுடிகள் விவகார மன்றம் 2006-ல் பரிந்துரைத்தது. நாம் அந்த நேரத்தில் போர்டு அடித்துக்கொண்டிருந்தோம்.

2022 மே மாதம் டெல்லியிலும் ஒரு போர்டு தயாரானது. இந்தியர்களின் இனத் தூய்மையை அறிய மரபணு ஆய்வுக் கருவிகள் வாங்க மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் பணம் தருகிறது என்று செய்தி வந்தது. விஞ்ஞானிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். செய்தி திரிக்கப்பட்டது, அப்படி எதுவும் இல்லை என்றது அமைச்சகம். இல்லையென்றால் சந்தோஷம். தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் கொண்டை தூக்குகிறவர்கள் அதிகம், அதனால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு 2013-ல் சொன்னது: சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் எல்லாத் தரப்பாரும் எல்லோரோடும் கலந்தார்கள். கதவைச் சாத்தியது அதற்குப் பிறகு. தூய்மை என்று நாம் தூக்கிப் பிடிப்பது கலந்து முடித்த பிறகு சாத்திய கதவைத்தான்.

சாத்திய கதவுக்குள் என்ன வளர்ந்தது என்பதை அதே ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் எண்ணிக் காட்டினார்கள். தெற்காசியாவில் ஆராய்ந்த 263 சமூகங்களில் 81-ல், உலகமே உதாரணம் காட்டும் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகலான மரபணுக் கூட்டம். அதாவது மறைந்திருக்கும் நோய் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே பிள்ளையில் சேர வாய்ப்பு அதிகம். ஆந்திர வைசியர்களில் பலருக்கு மயக்க மருந்தோடு தரும் ஒரு தசைத்தளர்வு மருந்து உடம்பில் உடையாது, அறுவைச் சிகிச்சை மேசையில் மூச்சு திரும்பாமல் போகலாம். மரபணு ஆராய்ச்சி நமக்குத் தர வேண்டியது இந்த மாதிரித் தகவலைத்தான். ஆனால் இதை ஃபிளக்ஸில் போட எந்தச் சங்கமும் வராது. ‘எங்கள் சமூகத்தில் இந்தக் குறை உள்ளது, கல்யாணத்துக்கு முன் சோதியுங்கள்’ என்று ஒரு போர்டு வைத்துப் பாருங்கள், ராத்திரிக்குள் கிழிந்திருக்கும். ஐம்பதாயிரம் ஆண்டுப் பெருமை வேண்டும், அடுத்த பிள்ளையின் ஆரோக்கியம் வேண்டாம். பெண் வேறு சாதிப் பையனோடு போனால் மட்டும் ரத்தத்தைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது அதைச் சோதிப்பது ஆய்வகத்தில் அல்ல, அரிவாளில்.

இனி சட்டத்துக்கு வருவோம், அங்கே 2019 ஒரு பொற்காலம். பூட்டுக்கும் பூண்டுக்கும் பட்டம் கிடைத்த அதே ஆண்டின் ஜூலையில் டிஎன்ஏ ஒழுங்குமுறை மசோதா மக்களவைக்கு வந்தது. டிசம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா வந்தது. முதலாவது ஒன்றும் யோக்கியமானதல்ல, போலீசுக்கு டிஎன்ஏ வங்கி கட்டித் தருவதே அதன் முக்கிய வேலை. ஆனாலும் எதை எடுக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று விதியாவது பேசியது. இரண்டாவது, மரபணுத் தகவலைக் கூடுதல் காவல் தேவைப்படும் தகவல் என்று பெயர் சொல்லியே பிரித்து வைத்தது. 2022 ஆகஸ்டில் தரவு மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜூலையில் டிஎன்ஏ மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு வந்த 2023 தரவுச் சட்டத்தில் மரபணு என்ற தனி வகையே காணாமல் போயிற்று. உங்கள் மரபணுவும் நீங்கள் ஆன்லைனில் செருப்பு வாங்கிய விலாசமும் ஒரே தட்டில். ஆராய்ச்சிக்காக என்றால், அரசு சொல்லும் தரங்களுக்கு உட்பட்டு, அதற்கும் 17-ஆம் பிரிவில் விலக்கு. இதற்கு நடுவே 10,000 இந்தியர்களின் மரபணுவை முழுதாக வாசித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் சேர்ந்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தத் திட்டம் வேண்டும், மருத்துவத்துக்குத் தேவை என்று நம்புகிறவன் நான். வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிவிட்டு நிலைக்கதவுக்கு மரம் தேடுகிறார்களே என்பதுதான் என் கோபம்.

கதவில்லாத வீட்டுக்குள் யார் யார் வருவார்கள்? காப்பீட்டு நிறுவனம் முதலில் வரும். பரம்பரை இதய நோய் இருந்த ஒருவருக்குப் பணம் தர மறுத்த வழக்கில், மரபணுக் கோளாறு என்று சொல்லிப் பொத்தாம்பொதுவாகக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிக்குத் தடை விதித்தது. வேலை கொடுப்பவர் உங்கள் மரபணுவைப் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-லிருந்து சட்டம் இருக்கிறது. இங்கே நூற்பாலையில் வேலைக்குச் சேரும் பெண்ணிடம் ரத்தம் எடுத்தால் அது எதற்கு என்று கேட்கும் உரிமைகூட அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபங்களில் இலவச சர்க்கரை நோய் முகாம் நடக்கும். ஷாமியானா, மைக் செட், வாசலில் மோர். அப்படி ஒன்றில் என் முன்னால் நின்ற நாகல்நகர் பெரியம்மா ஒருவர் ரேகை வைத்ததைப் பார்த்தேன். நாலு பக்க ஆங்கிலப் படிவம். எதிர்கால ஆராய்ச்சிக்கு மாதிரியைப் பயன்படுத்திக்கொள்ள ஒப்புதல் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஏற்கெனவே அச்சிலேயே டிக் போட்டிருந்தது. “இது என்ன தம்பி?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஃபார்மாலிட்டிண்ணே, இந்த இடத்துல மட்டும் போடுங்க” என்றான் பையன். “என்ன ஆராய்ச்சி?” “தெரியலண்ணே, எங்களுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு டார்கெட்டு.” பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “சும்மா விடப்பா, பிள்ளை வெயில்ல நிக்கிது” என்றார். நெறிமுறைப் புத்தகம் எழுதிய மேதைகள் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

சர்க்கரை நோய் என்று சொல்லி எடுத்த ரத்தத்துக்கு உலகத்தில் ஒரு பிரசித்தமான வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடிகள் 1990 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள், சர்க்கரை நோய் தங்களை அழிக்கிறதே என்ற பயத்தில். அந்த ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயையும் அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

நம் மலைக்குடிகளிடமும் சமவெளிக்காரர்களிடமும் பல பத்தாண்டுகளாக எடுத்த மாதிரிகள் எந்தெந்த உறைபெட்டியில், யார் பொறுப்பில், எந்த ஒப்புதலோடு இருக்கின்றன என்ற பட்டியலை அரசு ஒருமுறை வெளியிட்டால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கேட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். போடுவதற்கு முன் 2023 தரவுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவையும் வாசித்துவிடுங்கள். நம் மரபணுவுக்குத் தனிக் காவல் தர இடமில்லாத அந்தச் சட்டத்தில், தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்த இடம் இருந்திருக்கிறது. இப்போது ஓர் அதிகாரி உங்கள் மனுவைக் கையில் வாங்கி, தனிநபர் தகவல், தர இயலாது என்று ஒற்றை வரியில் எழுதித் திருப்பலாம். அவர் எழுதுவது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம்.